காசு, காது, காடு

என் சித்தி பையனுக்கு ஹண்டர் சிண்ட்ரோம். வயசு ஒன்பது, தூத்துக்குடியில் நாலாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். லட்சம் ஆண் குழந்தைகள் பிறந்தால் ஒருவருக்கு வரலாம் என்கிற அளவுக்கு அரிதான நோய். நம்ம காலேஜில் இந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்கள் ரெண்டு மூணு பேர் இருந்தாலே அதிகம்.

அரிய நோய் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது வாட்ஸ்அப்பில் சுற்றும் நிதி திரட்டும் போஸ்டர்தான். மருந்து விலை, கைகூப்பி நிற்கும் அம்மா, கீழே ஒரு க்யூஆர் கோடு. அதெல்லாம் பொய் இல்லை. ஆனா அந்தப் போஸ்டரில் வராத ஒரு விஷயம் இருக்கு. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது. அதற்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு, செய்யக்கூடிய வேலையும் நிறைய இருக்கு. அதில் பாதி நம்ம இசிஇ சிலபஸ்ஸிலேயே வருது. அதனாலதான் எழுதுறேன்.

குப்பை வண்டி வராத ஹாஸ்டல்

நம்ம செல்களுக்குள் லைசோசோம் என்று சின்னச் சின்னப் பைகள் உண்டு. பழசாகிப்போன மூலக்கூறுகளை உடைத்து, மறுபடி பயன்படுத்தக் கொடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு வகைப் பொருளை உடைக்கவும் தனி என்சைம் இருக்கு. ஹண்டர் சிண்ட்ரோமில் ஐடுரோனேட்-2-சல்ஃபடேஸ் என்கிற ஒரே ஒரு என்சைம் இல்லை, அல்லது போதவில்லை. அதனால் ஹெபரான் சல்ஃபேட், டெர்மடான் சல்ஃபேட் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் உடையாமல் தேங்கிக்கொண்டே போகும்.

குப்பை வண்டி வராத ஹாஸ்டலை நினைத்துப் பாருங்க. முதல் ரெண்டு நாள் ஒன்றும் தெரியாது. ஒரு மாசம் ஆனால் வராண்டாவில் நடக்க முடியாது. அதே மாதிரிதான். பிறக்கும்போது பிள்ளை சாதாரணமாக இருக்கும். ரெண்டு மூணு வயசுக்கு மேல் மூக்கடைப்பு, குறட்டை, பெருத்த வயிறு, மடங்கிப் போகும் விரல் என்று ஒவ்வொன்றாக வரும்.

1917 இல் கனடாவின் மனிடோபாவில் சார்லஸ் ஹண்டர் என்ற டாக்டர் அண்ணன் தம்பி இருவரிடம் இதைப் பார்த்து எழுதினார். அதனால்தான் இந்தப் பேர். இருவருமே ஆண்பிள்ளைகள் என்பதற்குக் காரணம் உண்டு. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ். ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்றுதான், அதில் பிழை இருந்தால் பேக்கப் கிடையாது.

இதை ஏன் விளக்கமா சொல்றேன்னா, விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ரெண்டு தீர்ப்பு சொன்னார்கள். ஒன்று, "சொந்தத்துல கட்டுனதாலதான் வந்துச்சு." ரெண்டு, "அவ வழியாத்தான் வந்துருக்கு." முதலாவது தப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்வது இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற எம்பிஎஸ் நோய்களுக்குக் காரணமாகலாம், ஹண்டருக்கு அதோடு தொடர்பில்லை. ரெண்டாவது பல குடும்பங்களில் உண்மையாக இருக்கலாம், ஆனா அதில் யாருடைய குற்றமும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அம்மாவிடம் இல்லாத புதுப் பிழையாகவும் வரும். எந்த அம்மாவும் எந்த எக்ஸைக் கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. சித்தி ஒரு வருஷம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை.

காதுக்குள்ள ஒரு இம்பீடன்ஸ் மேட்சிங்

காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தில் மோதினால் 99.9 சதவீத ஆற்றல் திரும்பிப் போய்விடும். அதாவது சுமார் 30 டெசிபல் இழப்பு. நம்ம உள்காது முழுக்கத் திரவம். அப்புறம் எப்படிக் கேட்குது? நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அதுதான் நடுக்காது. செவிப்பறையின் பரப்பு பெரிசு, உள்காதின் வாசல் சின்னது, விகிதம் சுமார் 17 மடங்கு. அதோடு மூணு குட்டி எலும்புகள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, விட்ட டெசிபலில் பெரும்பகுதியை மீட்டுக் கொடுக்கும். டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பேப்பரில் லோடையும் சோர்ஸையும் மேட்ச் பண்ணி மண்டை காய்ந்திருக்கிறோமே, அதே கதைதான்.

ஹண்டர் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் முதல் அடி. தேங்கும் சர்க்கரைச் சங்கிலிகளால் தொண்டையும் மூக்கின் பின்பக்கமும் தடித்துப்போகும். நடுக்காதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் சரியாகத் திறக்காது. உள்ளே பசை மாதிரி நீர் கட்டும். அந்தக் குட்டி எலும்புகளும் இறுகிப்போகலாம். வருஷம் ஆக ஆக உள்காதும் நரம்பும் பாதிக்கப்படலாம். முன்னது ஒலி போகிற பாதையில் கோளாறு, பின்னது ஒலியை உணர்கிற இடத்தில் கோளாறு. நிறையப் பிள்ளைகளுக்கு ரெண்டும் சேர்ந்தே வரும்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான்"

தம்பிக்கு நாலரை வயசில் நோய் உறுதியானது. அந்தச் சமயத்தில் அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டிவி முன்னாடி போய் ஒட்டிக்கொண்டு நிற்பான். பால்வாடியில் டீச்சர் சொல்வது ஒன்று, இவன் செய்வது ஒன்று. அடம், கடி, அழுகை. "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான்" என்பதுதான் வீட்டில் அவனைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியம்.

ஹண்டரில் ரெண்டு வகை உண்டு. ஒன்றில் மூளையும் பாதிக்கப்படும். கற்ற பேச்சு மறந்துபோகும், பிள்ளை பெரும்பாலும் இருபது வயசைத் தாண்டுவதில்லை. இன்னொன்றில் உடம்பு பாதிக்கப்படும், அறிவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், நடுவயசு தாண்டியும் வாழ்பவர்கள் உண்டு. தம்பி எந்த வகை என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் இருந்த பெரிய கேள்வி.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "மூளைக்குப் போயிடுச்சு. இனிமே இப்படித்தான்." சித்தி காதைச் சோதிக்கணுமா என்று கேட்டதற்கு வந்த பதில், "பெரிய நோய்க்கே வழி இல்ல, காதைப் பாத்து என்னம்மா செய்யப் போறீங்க?"

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது, மூளை பாதித்த பிள்ளையும் திரும்பாது. ரெண்டுக்கும் பேச்சு குறையும், ரெண்டுக்கும் அடம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அவுட்புட் ஒன்றுதான். இன்புட் ஒழுங்கா போகுதா என்று பார்க்காமல் பிராசஸர் போச்சு என்று சொல்ல முடியாது. லேபில் சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் நாமே முதலில் புரோபைத்தானே பார்ப்போம்?

வளையமும் குச்சியும்

வேறு ஒரு ஊரில் ஒரு ஆடியாலஜிஸ்ட் பொறுமையாகச் சோதித்தார். நான் அப்போ பன்னிரண்டாவது முடித்து லீவில் இருந்தேன், துணைக்குப் போனேன். முதலில் காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்து, அழுத்தத்தை மாற்றி மாற்றிச் செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார்கள். நல்ல காதுக்கு அந்த கிராஃப் கூடாரம் மாதிரி மேலெழும்பி இறங்கும். தம்பிக்கு நேர்க்கோடு. உள்ளே நீர் கட்டியிருந்தால் அப்படித்தான் வரும்.

அடுத்து, பிள்ளையைத் தூங்கவைத்து மூளைத்தண்டின் மின்சமிக்ஞையைப் பார்க்கும் பெரா டெஸ்ட் செய்யலாம். ஆனா தூங்குவதற்கு மருந்து கொடுக்க அவர் தயங்கினார். இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பாதை குறுகல், கழுத்து இறுக்கம். சாதாரணப் பிள்ளைக்குக் கொடுக்கும் மயக்க மருந்தே ஆபத்தாகலாம். அதனால் விளையாட்டு முறை. ஹெட்ஃபோனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு வளையத்தைக் குச்சியில் போடணும். முதல் நாள் வளையத்தை எறிந்தான். ரெண்டாம் நாள் புரிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தப்பாகப் போடவில்லை. சத்தம் வரும்வரை வளையத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பான், வந்ததும் போடுவான்.

ரிசல்ட், வலது காது 58 டெசிபல், இடது 55. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல்தான். அதாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஏதோ முணுமுணுப்பு மாதிரி கேட்கும், ரூமுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் ஒன்றும் கேட்காது. "விதி சொன்னா புரிஞ்சுக்குறான், காத்திருக்குறான், இந்தப் பிள்ளைக்கு மூளை போச்சுன்னு யாரு சொன்னா?" என்று ஆடியாலஜிஸ்ட் கேட்டார். சித்தி பதில் சொல்லவில்லை. வெளியே வந்து பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க.

நீரை எடுக்க, செவிப்பறையில் குரோமெட் என்ற கடுகளவு குழாய் வைப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்குக் கால் மணி நேர வேலை. இவனுக்கு மயக்கம் கொடுப்பதே பெரிய ஆபரேஷன் மாதிரி. சிக்கலான மூச்சுப் பாதையைக் கையாளத் தெரிந்த மயக்கவியல் டாக்டர், ஐசியு வசதி எல்லாம் இருக்கிற இடத்தில்தான் செய்யணும். அதனால் ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்தார்கள். மூக்கின் பின்னால் இருந்த அடினாய்டு சதை நீக்கம், குரோமெட், பெரா டெஸ்ட், மூணும் ஒரே நாள். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள்: ஒரே மயக்கத்தில் வேறு என்னவெல்லாம் சேர்த்துச் செய்யலாம்?

குரோமெட்டுக்குப் பிறகு 45 டெசிபலுக்கு வந்தது. மீதி எலும்பும் நரம்பும் சம்பந்தப்பட்டது. குரோமெட்டும் நிரந்தரம் இல்லை, சில மாதங்களில் தானாக விழுந்துவிடும், நீர் மறுபடி கட்டலாம். ஆக, காது மிஷின்.

காசு, காது, காடு

இந்த மூணு வார்த்தையையும் சத்தமா சொல்லிப் பாருங்க. முதலெழுத்து ஒன்று, கடைசி உயிர் ஒன்று. நடுவில் இருக்கிற ஒரு மெய்தான் வித்தியாசம். பேச்சில் உயிரெழுத்துகளுக்குச் சத்தம் அதிகம், அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் இருக்கும். 'ச', 'ஷ' மாதிரியான மெய்களுக்குச் சத்தம் குறைவு, அதிர்வெண் அதிகம். சத்தம் கொடுப்பது உயிர், அர்த்தம் கொடுப்பது மெய். காது மந்தமான பிள்ளைக்கு மூணுமே 'கா...உ' என்றுதான் கேட்கும். "காசு எடுத்துட்டு வா" என்றால் காதைத் தொட்டுக் காட்டுவான். அதைப் பார்த்துத்தான் நாம் மந்தம் என்று சொல்கிறோம்.

அதற்காகச் சத்தமாகக் கத்தினால் உயிரெழுத்துதான் இன்னும் பெரிசாகும், மெய் அப்படியே மூழ்கிவிடும். நல்ல காது மிஷின் கத்துவதில்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறையோ அந்த அளவு மட்டும் கூட்டும். மெல்லிய ஒலியை அதிகமாகவும், ஏற்கெனவே பெரிசா இருக்கும் ஒலியைக் கொஞ்சமாகவும் கூட்டும். நாம் படிக்கும் ஃபில்டர் பேங்க், கம்ப்ரெஷன், ஃபீட்பேக் கேன்சலேஷன் எல்லாம் அந்தக் கொட்டைப்பாக்கு சைஸ் டப்பாவுக்குள்ள ஓடுது. அதுவும் சில மில்லி செகண்டுக்குள். இல்லாவிட்டால் நேராகக் காதுக்கு வரும் சத்தமும் மிஷின் வழியாக வரும் சத்தமும் ஒட்டாது.

ஆனா மிஷினை மாட்டியதும் பிள்ளைக்குக் கேட்டுவிடும், சிரித்துவிடும் என்பது யூடியூப் வீடியோ. நிஜத்தில் தம்பி முதல் வாரம் முழுக்க அதைப் பிடுங்கி எறிந்தான். மிக்ஸி, பாத்திரம், தெருவில் போகும் லாரி எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? முதலில் அமைதியான நேரத்தில் பதினைந்து நிமிஷம், பிறகு அரை மணி, பிறகு ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போனார்கள். முழு நாள் போட மூணு மாசம் ஆச்சு.

அதோடு வேலை முடியவில்லை. காதுக்குள் வைக்கும் அச்சு அவரவர் காதை அளவெடுத்துச் செய்வது. பிள்ளை வளர வளர காதும் வளரும். அச்சு தளர்ந்தால் சத்தம் வெளியே கசிந்து மைக்குக்குப் போய் 'கீ' என்று விசில் அடிக்கும். நம்ம ஆடிட்டோரியம் மைக் செட் அடிக்குமே, அதே பாசிட்டிவ் ஃபீட்பேக். சில மாசத்துக்கு ஒரு தடவை அச்சை மாற்றணும். சில நாள் காதில் சீழ் வரும், அப்போ அச்சைப் போடக்கூடாது. அந்த நாட்களுக்காகத் தலையில் பட்டை மாதிரிக் கட்டிக்கொள்ளும் எலும்பு வழி மிஷின் இருக்கு. மண்டை எலும்பை அதிரவைத்து, நடுக்காதைச் சுற்றிக்கொண்டு நேராக உள்காதுக்குக் கொண்டுபோகும். ஆபரேஷன் தேவையில்லை என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

பேட்டரி ஜிங்க்-ஏர் வகை. ஸ்டிக்கரை உரித்தால் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் உள்ளே போய் வேலையை ஆரம்பிக்கும், அதனால் உரித்து ஒரு நிமிஷம் வைத்துப் போடணும். தூத்துக்குடிக் கடல் காற்றில் ஈரம் அதிகம். ராத்திரி மிஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு மூடிவைப்பது சித்தப்பா வேலை. கதவைப் பூட்டுவதற்கு முன்னாடி அதைத்தான் செய்வார்.

தினமும் காலையில் சித்தி ஒரு டெஸ்ட் வைப்பாங்க. வாயைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் உருவாக்கிய எளிய சோதனை இது. கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேல் அதிர்வெண் வரை பேச்சின் முழு வீச்சையும் இந்த ஆறே தொட்டுவிடும். தம்பி கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். ஒருநாள் 'ஸ்' மட்டும் வரவில்லை என்றால் பேட்டரியோ டியூபோ அச்சோ பார்க்கணும். மூணு நாள் வரவில்லை என்றால் பஸ் ஏறணும். செலவு, ஒரு தாள். பத்து லட்ச ரூபாய் கருவி சொல்லாததைச் சில நாள் இது சொல்லிவிடும்.

ஃபேன் ஓடுற கிளாஸ் ரூம்

வீட்டில் நன்றாகப் பேச ஆரம்பித்தவன் பள்ளிக்கூடத்தில் ஊமை மாதிரி இருந்தான். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். தூரம் ரெண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். டீச்சர் வாயிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் சத்தம் நாலு மீட்டரில் 12 டெசிபல் கம்மி. ஆனா தலைக்கு மேல் ஓடும் ஃபேனும், பக்கத்து கிளாஸ் வாய்ப்பாடும் எங்கேயும் குறையாது. மிஷின் ரெண்டையும் சேர்த்தே கூட்டும். சிக்னலையும் நாய்ஸையும் சேர்த்துப் பெருக்கினால் எஸ்என்ஆர் மாறாது. இதை இண்டர்னலில் ரெண்டு மார்க்குக்கு எழுதியிருக்கோம். அங்கே ஒரு பிள்ளையின் முழு வருஷம் அதில் போகும்.

தீர்வும் அதே சமன்பாட்டில் இருக்கு. மைக்கைச் சிக்னல் பக்கத்தில் கொண்டுபோ. டீச்சர் கழுத்தில் சின்ன வயர்லெஸ் மைக், சத்தம் நேராக மிஷினுக்கு. அது வாங்க முடியாத வரை முன் பெஞ்ச், ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி ஒரு இடம், போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாத ஒரு டீச்சர். அந்த வருஷ டீச்சர் ஒரு விஷயம் செய்தாங்க. கேள்வி கேட்பதற்கு முன்னாடி அவன் டெஸ்க்கை ஒரு தட்டு தட்டுவாங்க. அவன் முகம் நிமிர்ந்த பிறகுதான் பேசுவாங்க. பைசா செலவில்லை. அரைப் பரீட்சையில் தம்பி கணக்கில் 78.

60 டெசிபல் கோடு

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதிலும் 60 டெசிபல் முதல் 70 வரை இழப்பு இருந்தால்தான் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. 70 என்றால் 'காது கேளாதவர்'. தம்பிக்கு 45. சட்டத்தின் கண்ணில் அவனுக்குக் காதில் குறையே இல்லை. சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் தாலசீமியா இருக்கு, ஹீமோஃபிலியா இருக்கு, எம்பிஎஸ் இல்லை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மிஷின் இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஆனா அதற்குச் சான்றிதழ் வேணும். சித்தி வளையல் அடகுக் கடைக்குப் போய் மிஷின் வந்தது. சான்றிதழ் பிறகு விரல் மூட்டு இறுக்கத்தைக் காட்டித்தான் கிடைத்தது.

பெரிய மருந்தும் இருக்கு. இல்லாத அந்த என்சைமை வாரா வாரம் நரம்பில் ஏற்றுவது, 2006 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2021 இல் நம்ம நாட்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022 முதல் குறிப்பிட்ட மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. எடைக்கு ஏற்ற டோஸ் என்பதால் பிள்ளை வளர வளர அந்தப் பணம் சீக்கிரம் கரையும். தம்பிக்குப் போன வருஷம் ஆரம்பித்தார்கள். வயிறு குறைந்திருக்கு, கூடுதல் தூரம் நடக்கிறான். ஆனா இந்த மருந்து ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாகப் போகாது, போன காதையும் பெரிதாக மீட்டுத் தராது. மருந்துக்கான கோப்பு நகர மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷமும் காதுக்காகக் காத்திருந்தால், பேச்சு கற்கும் வயசே போயிருக்கும்.

இன்னொரு நோயையும் சொல்லணும். பயோடினிடேஸ் குறைபாடு. அதுவும் பிறவி மெட்டபாலிக் நோய்தான். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, தோல் பிரச்சினை, காது கேளாமை. ஆனா பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்துவிட்டால், தினமும் சில மில்லிகிராம் பயோட்டின் வைட்டமின் போதும். பிள்ளை நன்றாக இருக்கும். தாமதமானால் மற்றதெல்லாம் சரியாகும், போன காது பெரும்பாலும் திரும்பாது. அப்புறம் வாழ்நாள் முழுக்க மிஷின், தெரபி. ரெண்டு நோயும் சொல்வது ஒன்றுதான்: காது வரிசையில் நின்று காத்திருக்காது.

நம்ம புராஜெக்ட் ரூமுக்கு

வருஷா வருஷம் எந்த ஹேக்கத்தானுக்குப் போனாலும் ஒரு சைகை மொழி கையுறை இருக்கும். ஃப்ளெக்ஸ் சென்சர், ஆர்டுயினோ, ஸ்பீக்கர், முதல் பரிசு. தம்பியின் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியவை, முழுசா நிமிராது. அவனால் அந்தக் கையுறையைப் போடவும் முடியாது, எல்லாச் சைகையையும் தெளிவாகக் காட்டவும் முடியாது. வேறு சில எம்பிஎஸ் வகைகளில் கண்ணின் கருவிழி மங்கிப்போகும். அவர்களுக்கு உதடு பார்த்துப் புரிந்துகொள்வதும் கஷ்டம். ஒரு புலனுக்குப் பதில் இன்னொன்று என்று நாம் போடும் கணக்கு, பல உறுப்பைத் தொடும் நோயில் ஒத்துவராது. அதனால்தான் இருக்கிற கேள்வியைக் காப்பாற்றுவது இவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

அவனுக்கு வேணும் என்று நான் பார்த்தவை ரொம்பச் சின்ன விஷயங்கள். பேட்டரிக் கதவைத் திறக்க நகம் வேணும், அவனால் முடியாது. மடங்கின விரலாலேயே திறக்கிற மாதிரி ஒரு கொக்கி. பேட்டரி தீர்ந்தால் டீச்சருக்குத் தெரியும்படி ஒரு சின்ன விளக்கு. அரசுப் பள்ளி வாங்குகிற விலையில் ஒரு வயர்லெஸ் மைக். காலை ஆறு ஒலிச் சோதனையை நாள்வாரியாகக் குறித்துவைத்து, 'ஸ்' எப்போதிலிருந்து வரவில்லை என்று காட்டும் ஒரு எளிய ஆப். இதில் எதற்கும் ஏஐ தேவையில்லை. கொக்கிக்கு மட்டும் போன செமஸ்டரில் நானும் மெக்கானிக்கலில் படிக்கும் ரூம்மேட்டும் சேர்ந்து 3டி பிரிண்டில் நாலு மாடல் போட்டோம். மூணு உடைந்தது. நாலாவதை இப்போ அவன் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறான்.

தம்பிக்குக் காது இன்னும் மோசமாகலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதனை நடக்குது, போன தடவை இடது காதில் 5 டெசிபல் கூடியிருக்கு. ஒரு கட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றி யோசிக்க வேண்டியிருக்கலாம். அதிலும் மயக்க மருந்து, பிறகு கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது உள்ளே இருக்கும் காந்தம் என்று தனிக் கணக்குகள் உண்டு. எவ்வளவு நாள், எவ்வளவு தூரம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் சித்தியிடம் ஒரு தடவை கேட்டேன், தினமும் காலையில் அந்தப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அலுப்பா இல்லையா என்று. "அவன் எத்தனை வருசம் இருப்பான்னு எனக்குத் தெரியாதுடே. இருக்கிற வரைக்கும் நான் கூப்பிடுறது அவனுக்குக் கேக்கணும்லா" என்றார்கள்.

இந்த செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு டைட்டில் கிடைக்காமல் சுற்றுகிறவர்கள் பேட்டரி விளக்கையோ மைக்கையோ எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, சர்க்யூட் வரைவதற்கு முன்னாடி மிஷின் போட்டிருக்கும் ஒரு பிள்ளையோடு ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்க. எங்க ஊருக்கு வர நினைத்தால் சொல்லுங்க, சித்தி வீட்டில் சாப்பாடு நிச்சயம். தம்பியிடம் பேசும்போது மட்டும் அவன் முகத்துக்கு நேரா, லைட் உங்க முகத்தில் விழும்படி உட்கார்ந்து பேசுங்க. கத்த வேண்டாம்.